ஒரு சொல், இரண்டு கம்பெனி

ஊருக்குள் வந்த சொற்கள் – 6

(சென்ற வாரம்: தாமிரபரணியின் மேற்குக் கரையில் 'ஜங்ஷன்' என்ற ரயில்வே சொல் ஒரு பகுதிக்கே பெயராகி உட்கார்ந்த கதையைப் பார்த்தோம். ஆற்றைத் தாண்டி வண்ணார்பேட்டைக்கு வாருங்கள், அங்கே ஒரே சொல் நாளுக்கு ஆறு வேஷம் போடுகிறது என்று சொல்லி நிறுத்தியிருந்தோம்.)

1. கம்பெனி ஐட்டமா, லோக்கலா?

வண்ணார்பேட்டை பைபாஸ் சாலையில் மோட்டார் உதிரிபாகம் விற்கிற எந்தக் கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணாச்சி, தண்ணி மோட்டாருக்கு பேரிங் ஒண்ணு வேணும்."

"கம்பெனி ஐட்டமா, லோக்கலா?"

"வெலை எப்பிடி?"

"கம்பெனின்னா கூடத்தான் இருக்கும். ஆனா ரெண்டு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்லா."

இங்கே கம்பெனி என்றால் அசல் சரக்கு. லண்டன்காரனிடம் போய் இந்த அர்த்தத்தில் பேசினால் முழிப்பான். இது நாம் போட்ட அர்த்தம்.

அதே கடையில் ஃபேன் வாங்க வருகிறவர், "எந்தக் கம்பெனி?" என்று கேட்டால் அது மார்க்கைக் குறிக்கும். ஆம்னி பஸ்ஸுக்காகப் பெட்டியோடு நிற்கிற பையனின் அம்மா, "மவன் மெட்ராஸ்ல கம்பெனில இருக்கான்" என்றால், சர்க்கார் வேலை இல்லை, தனியார் வேலை என்று பொருள். பெண் பார்க்கப் போன இடத்தில் "கவர்மெண்டா, கம்பெனியா?" என்று கேட்டால், கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அந்தப் பதிலில் தொங்குகிறது.

மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ பீடி சுற்றும் அக்கா, "கம்பெனிக்குப் போயிட்டு வாறேன்" என்று கிளம்பினால், புகைபோக்கி வைத்த ஆலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் அது ஒரு வாடகை அறைதான். வீட்டில் சுற்றிக் கட்டிய பீடியை அங்கே எண்ணிக் கொடுக்க வேண்டும். சரியில்லாததைக் கணக்குப்பிள்ளை கழித்துப் போடுவார். மிச்சத்துக்குக் கணக்கு எழுதி, மறுநாளைக்கு இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார். இத்தனைக்கும் பெயர் கம்பெனி. வேடிக்கை என்னவென்றால், வடக்கே கோவில்பட்டிப் பக்கம் போனால் தீக்குச்சி அடுக்குகிற ஷெட்டுக்குப் பெயர் 'தீப்பெட்டி ஆபீஸ்'. நெல்லைச் சீமையில் ஆபீஸ் என்றால் ஆலை, கம்பெனி என்றால் அறை!

மணிமுத்தாறு சிறப்புக் காவல்படையில் இருந்து ஓய்வு பெற்றவரைக் கேளுங்கள். அவருக்குக் கம்பெனி என்பது பட்டாலியனின் ஒரு பிரிவு. சாயங்காலம் டீக்கடை வாசலில், "ஒத்தையில போணும், கம்பெனி குடுக்க வாரியாடே?" என்று கூட்டாளியை இழுக்கிறவனுக்குக் கம்பெனி என்றால் துணை.

அசல், மார்க், தனியார் வேலை, பீடி அறை, படைப்பிரிவு, துணை. ஆறு அர்த்தம் ஆயிற்று. ஏழாவது ஒன்று உண்டு. அது மட்டும் வேறு எழுத்தில், வேறு உச்சரிப்பில் தனியாக நிற்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கதைப்பாடல் கேட்டு வளர்ந்த எந்தக் கிழவரிடமும் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

கும்பினி.

கம்பெனியும் கும்பினியும் ஒரே சொல்தான். அப்படியானால் தமிழ் அதை ஏன் இரண்டாக உடைத்து வைத்தது? அதற்கு முதலில் ஒரு ரொட்டித் துண்டைப் பார்க்க வேண்டும்.

2. கூட உட்கார்ந்து தின்றவன்

லத்தீனில் 'கொம்' என்றால் கூட. 'பானிஸ்' என்றால் ரொட்டி. இரண்டும் சேர்ந்து பிறந்தது 'கொம்பானியோ': ஒரே ரொட்டியைப் பிய்த்துக் கூட உட்கார்ந்து தின்கிறவன். ரோமாபுரி வீழ்ந்தபின் பிராங்கு இனத்தார் 6ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீனில் எழுதிவைத்த சட்டத்தில் இந்தச் சொல்லின் தடம் முதலில் தென்படுகிறது. ஜெர்மானிய மொழிகளில் ஏற்கெனவே இருந்த, இதே கட்டுமானம் கொண்ட ஒரு சொல்லைப் பார்த்து அதை உருவாக்கியிருக்க வேண்டும் என்பது சொல்லாராய்ச்சிக்காரர்கள் முடிவு.

இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்களே, அது போர்த்துக்கீசியர் கொடுத்தது. பம்பாயில் பாவ் பாஜி விற்கிறார்களே, அந்தப் 'பாவ்' கூட அதே வழியில் வந்ததுதான். இரண்டுக்கும் பாட்டி அந்த லத்தீன் 'பானிஸ்'. ஆக, கம்பெனி என்ற சொல்லின் வயிற்றுக்குள் ஒரு துண்டுப் பாண் இருக்கிறது.

நம்மூரில் "ஒண்ணுமண்ணாத் தின்னு வளந்தவங்க" என்று சொன்னால் அதற்குமேல் உறவுக்குச் சாட்சி வேண்டாம். ஐரோப்பாவிலும் அதே கதைதான். கூடத் தின்றவர்கள் கூட்டாளிகள் ஆனார்கள். கூட்டாளிகள் சேர்ந்தால் ஒரு கூட்டம். பிரபுவின் பின்னால் போன பரிவாரம் ஒரு கம்பெனி. ஒரே கொப்பரையில் கஞ்சி குடித்த சிப்பாய்கள் ஒரு கம்பெனி. ஒரு கப்பலின் மாலுமிகள் மொத்தமும் ஒரு கம்பெனி. ஊர் ஊராகப் போய்க் கூத்துப் போட்டவர்களும் ஒரு கம்பெனி. வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தால், 'எங்கள் வீட்டில் கம்பெனி இருக்கிறது' என்பது ஆங்கிலேயனுக்கு இன்றைக்கும் சகஜமான பேச்சு.

பிரெஞ்சு வழியாக 12ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் இங்கிலாந்துக்குப் போயிற்று. லாப நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் வியாபாரக் கூட்டு என்ற பொருள் அங்கே 16ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. ரொட்டியைப் பங்கு போட்டவர்கள் இப்போது பணத்தைப் பங்கு போட்டார்கள்.

1600 டிசம்பர் 31. எலிசபெத் ராணி, கிழக்கிந்தியாவில் வியாபாரம் செய்யும் லண்டன் வணிகர்களின் கம்பெனிக்கு 15 ஆண்டு ஏகபோக உரிமை கொடுத்துச் சாசனம் எழுதினார். பதினைந்தே ஆண்டு! 200 ஆண்டு கழித்து அந்தக் கம்பெனி கயத்தாற்றில் ஒருவரைத் தூக்கில் போடும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்ட ராணியே சிரித்திருப்பார்.

ஆனால் ஒன்று. நெல்லைச் சீமைக்கு முதலில் வந்த கம்பெனி, லண்டன் கம்பெனி அல்ல.

3. தூத்துக்குடியில் மூன்று எழுத்து

1602இல் டச்சுக்காரர்கள் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஒன்றுபட்ட கிழக்கிந்தியக் கம்பெனி என்பது அதன் பெயர். ஆம்ஸ்டர்டாமில் ஊரார் பணத்தைப் பங்காகத் திரட்டி நடத்திய நிறுவனம். அதன் கொடியிலும் காசிலும் பீரங்கியிலும் ஒரு முத்திரை இருக்கும். பெரிய 'வி', அதன் இரண்டு காலிலும் 'ஓ'வும் 'சி'யும் கோத்தபடி. வி.ஓ.சி.

இந்த மூன்று எழுத்தை மனதில் முடிந்துகொள்ளுங்கள்.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடுங்கினார்கள். யாழ்ப்பாணம் அவர்கள் கைக்குப் போனதும் அதே ஆண்டில்தான். தூத்துக்குடியில் முத்து, சங்கு, துணி. மூன்றிலும் கம்பெனி கை வைத்தது. கரையோரத்தில் பரதவர் மூச்சடக்கி அள்ளி வந்த சிப்பிக்கும், உள்நாட்டில் தறியில் கிடந்த துணிக்கும் கொழும்பில் கணக்கு எழுதப்பட்டது. நடுவில் கைமாறியும் திரும்பியும், கடைசியாக 1825இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை டச்சுக்காரர்களின் நிழல் அந்தத் துறைமுகத்தில் கிடந்தது.

சொல்லை அவர்கள் எப்படி உச்சரித்தார்கள்? 'கொம்பன்யீ'. மலாய் மொழி அதைக் 'கொம்பெனி' என்று வாங்கி, டச்சு ஆட்சிக்கே பெயராக வைத்துக்கொண்டது. கொழும்பில் டச்சுக்காரர்கள் அடிமைகளை அடைத்துவைத்த தீவுப்பகுதி ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்றே பெயர் பெற்றது. தமிழில் அதற்கு இன்றும் 'கொம்பனித்தெரு' என்று பெயர். கொழும்புக்குப் போன நம் ஆட்கள் பலருக்குத் தெரிந்த தெரு.

இப்போது கும்பினிக்கு வருவோம். இங்கிலீஷ்காரன் வாயிலிருந்து நேராக இந்தச் சொல் விழுந்திருந்தால் 'கம்பனி' என்றுதான் காதில் விழுந்திருக்கும். 'கு' எங்கிருந்து வந்தது? என் கணக்கு இது: கடற்கரையில் போர்த்துக்கீசியனும் டச்சுக்காரனும் சொன்னது 'கொ'வில் தொடங்கியது. நாம் பேச்சில் கொடம், கொளம் என்போம், எழுதும்போது குடம், குளம் என்று திருத்திக்கொள்வோம். 'கொம்பனி' என்று காதில் விழுந்ததையும் கணக்கெழுதுகிறவர் அதே கையால் 'கும்பனி' என்று திருத்தியிருப்பார். அது புழங்கிப் புழங்கிக் கும்பினி ஆயிற்று. தூத்துக்குடிக் கரையில் ஏறிய சொல்லைப் பிறகு வந்த இங்கிலீஷ்காரன் மேல் ஒட்டிவிட்டோம்.

ஒட்டியது சொல் மட்டுமா? 1783இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் புகுந்த ஓர் இங்கிலீஷ் கர்னல் கையில் ஒரு காகிதம் சிக்கியது. இரண்டு கும்பினிகளும் அதில் மோதிக்கொண்டன.

4. கோட்டைக்குள் கிடந்த காகிதம்

கொஞ்சம் பின்னால் போவோம். 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் லண்டன் கும்பினியின் படை மதுரை வழியாக நெல்லைச் சீமைக்குள் இறங்கியது. கூடவே யூசுப் கான், பிற்பாடு மருதநாயகம் என்று நாம் அறிந்தவர். ஆற்காட்டு நவாபு முகமது அலிக்குப் பாளையக்காரர்களிடமிருந்து கப்பம் வசூலித்துக் கொடுக்க வந்தோம் என்பது கும்பினி சொன்ன காரணம். நவாபு கும்பினியிடம் கடன்பட்டிருந்தார் என்பது சொல்லாத காரணம். நெல்கட்டும்செவல் பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். கோட்டைக்கு முன்னால் வந்து நின்ற ஹெரான், அதைப் பிடிக்க முடியாமலே திரும்பினார்.

ஊர்க்காரர் கண்ணில் இது எப்படிப் பட்டிருக்கும்? துணி வாங்க வந்தவன் துப்பாக்கியோடு வருகிறான். கடைக்காரனா, சிப்பாயா, வரி வசூலிக்கிறவனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்லின் மூன்று பொருளும் ஒரே ஆளுக்குள் புகுந்துகொண்டன. பட்டாளத்தில் நூறு பேர் கொண்ட பிரிவும் கம்பெனி, அந்தப் பிரிவுக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளியும் கம்பெனி. 1781இல் நவாபு கர்நாடக வருமானத்தையே கும்பினிக்கு எழுதிக் கொடுத்தபின் வரிக் கச்சேரியும் கும்பினிதான்.

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் சண்டை. 1780இல் தொடங்கி 1784வரை நீடித்தது. சண்டை தொடங்கியபோது தூத்துக்குடியும் கொழும்பும் டச்சுக் கும்பினியிடம். பாளையங்கோட்டை இங்கிலீஷ் கும்பினியிடம். நடுவில் பாஞ்சாலங்குறிச்சி.

1783 ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். காவலர்கள் இரவோடு இரவாக வெளியேற, கோட்டை அவர் கையில் விழுந்தது. உள்ளே 40,000 வராகன் இருந்தது. ஆனால் ஃபுல்லார்ட்டனைத் திடுக்கிட வைத்தது பொன் அல்ல. கொழும்பு டச்சு அரசுக்கும் கட்டபொம்ம நாயக்கருக்கும் இடையே ஆன உடன்படிக்கையின் மூலப்பிரதி அங்கே கிடந்தது.

இந்தக் கட்டபொம்ம நாயக்கர் நாம் அறிந்த வீரபாண்டியக் கட்டபொம்மன் அல்லர், அவருக்கு முந்திய தலைமுறை. வீரபாண்டியர் பட்டத்துக்கு வந்தது 1790இல். ஆனால் அந்தக் காகிதம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பாளையக்காரர் கும்பினி என்ற பெயருக்குப் பயந்து நடுங்கியவர் இல்லை. கும்பினிகள் இரண்டு உண்டு, ஒன்றை வைத்து இன்னொன்றைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டவர். ஒட்டப்பிடாரம் கரிசல்காட்டில் உட்கார்ந்துகொண்டு ஆம்ஸ்டர்டாமையும் லண்டனையும் எடை போட்ட அரசியல் அது.

அந்தக் கணக்கு 1799இல் இரண்டு பக்கமும் உடைந்தது. 1799 அக்டோபர் 16 அன்று மேஜர் பானர்மன், பாளையக்காரர்களைச் சுற்றி நிறுத்திவைத்து, கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மனைப் புளிய மரத்தில் தூக்கிலிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, கடனில் மூழ்கிக் கிடந்த டச்சுக் கும்பினி அதன் சாசனக் காலம் முடிந்து கலைந்தது. ஒரு கும்பினி கொன்றது, இன்னொரு கும்பினி செத்தது.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். கதை முடிந்தது என்று கும்பினி நினைத்தது. அந்த நினைப்பில்தான் ஒரு விருந்துக்கு ஏற்பாடு ஆயிற்று.

5. விருந்து நடந்த ராத்திரி

1801 பிப்ரவரி 2.

வண்ணார்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டைக் கோட்டை ரொம்ப தூரம் இல்லை. பழைய மேடை போலீஸ் ஸ்டேஷன் கட்டடம் அதன் மிச்சம். அன்றைக்குக் கோட்டையில் காவல் குறைவு. மேஜர் மெக்காலேயின் படையில் பெரும்பகுதி சங்கரன்கோவில் பக்கம் முகாமிட்டிருந்தது. பாளையங்கோட்டையில் இருந்த வெள்ளைக்கார ஆணும் பெண்ணுமாகச் சுமார் இருபது பேர் மெக்காலேயின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படையில் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சிறையில் அம்மை கண்டிருந்தது. அதனால் கைதிகளின் விலங்குகள் கழற்றப்பட்டிருந்தன. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், ஆயுதங்கள் மறைவில் இருந்தன. குறித்த நேரம் வந்ததும் காவலாளிகள் மேல் பாய்ந்து மடக்கிப்போட்டார்கள். ஊமைத்துரையும் மற்றவர்களும் கோட்டையை விட்டு வெளியேறினார்கள். விருந்து நடந்த வீட்டுப்பக்கம் அவர்கள் திரும்பியிருந்தால் கும்பினியின் அதிகாரிகளை ஒரே மேஜையில் வைத்துப் பிடித்திருக்கலாம். அவர்கள் திரும்பவில்லை. முப்பது மைல் தாண்டி, விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்வதிலேயே குறியாக இருந்தார்கள்.

கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவர்கள் என்ற ஆதிப் பொருளில் ஒரு கம்பெனி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்க, நாட்டைப் பிடித்த கம்பெனியின் கையிலிருந்து அதன் மிகப் பெரிய கைதி நழுவிப்போனார்.

அடுத்து நடந்தது கும்பினிக்கே நம்ப முடியாத காரியம். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுந்து நின்றது. மண்ணையும் வைக்கோலையும் பிசைந்து எழுப்பிய சுவர், பீரங்கிக் குண்டைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. மெக்காலே மோதினார், பின்வாங்கினார். கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்து மே 24 அன்றுதான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அதன்பின் அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஊரின் பெயரையே கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். நவம்பரில் ஊமைத்துரையையும் பாஞ்சாலங்குறிச்சி மண்ணில் தூக்கிலிட்டார்கள்.

பெயரை எடுத்தால் நினைவு போய்விடுமா? நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டன. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நாட்டாரியலுக்கு வழி போட்ட நா. வானமாமலை, கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்துப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். கும்பினி என்ற சொல் இன்றுவரை கசப்போடு உயிரோடிருப்பது அந்தப் பாடகர்களின் புண்ணியம்.

இந்த மேஜர் காலின் மெக்காலேயின் தம்பி மகன் ஒருவன் 1801இல் இங்கிலாந்தில் தவழும் குழந்தை. நம் சொல்லுக்கு இரண்டாவது பிறவி கொடுத்தது அந்தக் குழந்தைதான்.

6. பாலத்துக்கு யார் பணம்?

குழந்தையின் பெயர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. 1835இல் இந்தியாவுக்கு இங்கிலீஷ் கல்விதான் வேண்டும் என்று குறிப்பு எழுதியவர் அவரேதான். பெரியப்பா காலத்தில் பீரங்கி, பிள்ளை காலத்தில் புத்தகம்.

அதற்கிடையே வண்ணார்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு காரியம் நடந்தது. பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஆறு. வெள்ளம் வந்தால் இந்தக் கரை ஆள் அந்தக் கரைக்குப் போக முடியாது, ஓடத்துக்கு அடிதடி. வரி வசூலித்த கும்பினி பாலம் கட்டியிருக்க வேண்டும். 1843இல் பாலம் வந்தது, 11 வளைவுகளோடு. வடிவமைத்தவர் கும்பினியின் பொறியாளர் கேப்டன் ஹார்ஸ்லி. ஆனால் பணம் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியாருடையது. கும்பினியிடம் சம்பளம் வாங்கிய ஒருவர், கும்பினி செய்ய வேண்டியதைச் சொந்தக் காசில் செய்தார். இன்றைக்கும் அந்தப் பாலத்தின் பெயரில் கலெக்டரும் இல்லை, கும்பினியும் இல்லை. சுலோசன முதலியார் பாலம் என்றுதான் ஆட்டோக்காரர் சொல்வார்.

1857 கலகத்துக்குப் பின், 1858இல் விக்டோரியா ராணியின் அரசாங்கம் இந்தியாவை நேரடியாக எடுத்துக்கொண்டது. பெயரளவில் மிஞ்சியிருந்த கும்பினி 1874 ஜூன் 1 அன்று சட்டப்படி கலைக்கப்பட்டது. கும்பினி என்ற சொல்லுக்கு அதோடு வேலை போயிற்று.

சொல் மட்டும் மறுபடி வந்தது, இந்தத் தடவை பள்ளிக்கூட வாசல் வழியாக. இங்கிலீஷ் படித்த வக்கீல், குமாஸ்தா, ஆசிரியர் வாயில் அது 'கம்பெனி' என்று புது உச்சரிப்போடு வந்தது. சட்டப்படி பதிவு செய்து, பங்கு விற்று, பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' போட்டுக்கொள்ளும் கம்பெனி. 1880களில் ஸ்காட்லாந்துக்காரர்களான ஆண்ட்ரூ ஹார்வியும் ஃபிராங்க் ஹார்வியும் பாபநாசம் அருவித் தண்ணீரின் விசையில் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை ஓட்டினார்கள். பிறகு தூத்துக்குடியில் கோரல் மில். தாமிரபரணித் தண்ணீர் வயலுக்கு இறங்குவதற்குமுன் மில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வந்தது. ஆற்றங்கரை ஊர்களிலிருந்து ஆட்கள் சங்கு ஊதும் நேரத்துக்கு வேலைக்குப் போகப் பழகினார்கள். கம்பெனி என்றால் சம்பளம் கொடுக்கும் இடம் என்ற பொருள் இந்தப் பள்ளத்தாக்கில் அப்போது விழுந்ததுதான்.

ஆக, ஆட்சி செய்து அடித்தவனுக்குக் கும்பினி, வேலை கொடுத்து வாங்கியவனுக்குக் கம்பெனி. இரண்டு தடவை கடன் வாங்கிய ஒரே சொல்லைத் தமிழ் இரண்டு பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்தது. எந்த இலக்கணக்காரரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊரே சேர்ந்து எழுதிய தீர்ப்பு அது.

நாடகக்காரர்கள் வேறொன்று செய்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் தமிழ்நாடெங்கும் நாடகக் கம்பெனிகள் கிளம்பின. சிறுவர்களை மட்டும் வைத்து நடத்தியவை பாய்ஸ் கம்பெனி. போகிற ஊரில் ஒரு வீட்டைப் பிடிப்பார்கள். அதற்குக் 'கம்பெனி வீடு' என்று பெயர். ஐம்பது பையன்களானாலும் ஒரே உலைச் சோறு, ஒரே பாய், ஒரே வாத்தியார். லத்தீன் தெரியாத அந்தப் பையன்கள்தான் கம்பெனி என்ற சொல்லுக்கு அதன் முதல் அர்த்தத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வி மிச்சம். கம்பெனி என்ற ஆயுதத்தை வெள்ளைக்காரன்தான் தூக்க வேண்டுமா?

7. அதே தேதி

20ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டு ஹார்விகள். மில்லும் அவர்களுடையது, கப்பல் டிக்கெட்டும் அவர்கள் கையில். கொம்பனித்தெருவுக்குப் போகிற கூலியாளும் சரி, கொழும்புக்கு மூட்டை அனுப்புகிற வியாபாரியும் சரி, அவர்கள் சொன்ன கூலியைக் கொடுத்தாக வேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு அடுத்த ஊரான ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த ஒரு வக்கீல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாளையக்காரர் உடன்படிக்கை எழுதிப் பார்த்தார், கோட்டை கட்டிப் பார்த்தார், இரண்டும் பலிக்கவில்லை. வக்கீல் வேறு வழி எடுத்தார். வெள்ளைக்காரனின் சட்டப் புத்தகத்தைப் பிரித்து, அவன் எழுதிய கம்பெனிச் சட்டத்தின்படியே ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவராகப் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்கு எடுத்தார்.

வ.உ. சிதம்பரம். இங்கிலீஷில் அவர் முன்னெழுத்துகளைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். வி.ஓ.சி. தூத்துக்குடியை ஒரு காலத்தில் ஆண்ட டச்சுக் கும்பினியின் அதே மூன்று எழுத்து. இது தற்செயல்தான். ஆனால் இன்றைக்குத் தூத்துக்குடித் துறைமுக வாசலில் இருக்கிற பெயர் எந்த வி.ஓ.சி.யுடையது என்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

புதுக் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார். எதிரி சும்மா இருப்பானா? ஒரு மிரட்டல் போயிற்று. வாடகைக் கப்பல் பின்வாங்கியது. டிக்கெட் வாங்கிய பயணிகள் கரையில், சுதேசிக் கொடி கையில், கடலில் கப்பல் இல்லை. அந்த நிலையில் வ.உ.சி. எங்கே போனார், யாரிடம் கை நீட்டினார், போட்டிக் கம்பெனி பயணிகளுக்கு இலவச டிக்கெட்டோடு குடையும் சேர்த்துக் கொடுக்கும் அளவுக்கு இறங்கி வந்தது ஏன்? அடுத்த வாரம் பார்ப்போம்.

அதுவரை வாசகர்கள் இந்தத் தேதியை மட்டும் குறித்து வையுங்கள். சுதேசிக் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. கும்பினி கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு அன்றைக்குச் சரியாக 107 ஆண்டுகள் ஆகியிருந்தன.

(தொடரும்)